ஸ்பானியச் சொற்களை அசை பிரித்தலும் அழுத்தம் காணலும்: ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்´-மி-னொ என்றால் கலைச்சொல் அல்லது எல்லை. தெர்-மீ-னொ என்றால் ‘நான் முடிக்கிறேன்’. தெர்-மி-னோ´ என்றால் ‘அவர் முடித்தார்’. மூன்று சொற்களிலும் எழுத்துகள் ஒன்றே, அவற்றின் வரிசையும் ஒன்றே. குரல் எந்த அசையில் ஓங்குகிறது என்பது மட்டுமே பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. ஸ்பானியம் கற்கத் தொடங்கும் பலர் இந்த அழுத்தத்தை, கேட்டுக் கேட்டுப் பழகும் வரை காத்திருக்க வேண்டிய ஒன்றாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில், இதுவரை ஒருமுறைகூடக் காதால் கேட்டிராத சொல்லையும், அதன் எழுத்துகளைப் பார்த்த மாத்திரத்தில், அழுத்தம் பிசகாமல் படித்துவிடும்படி அந்த மொழியின் எழுத்துமுறை அமைந்திருக்கிறது. அதற்கு இரண்டு திறன்கள் போதும்: முதலில் அசை பிரிப்பது, பிறகு அழுத்தம் காண்பது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. அசை தவறாகப் பிரிந்தால் அழுத்தமும் தவறான இடத்தில்தான் விழும்.

இக்கட்டுரையின் எழுத்துமுறை

ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. குறில், நெடில் என்ற பாகுபாடு அங்கே இல்லை. ஆனால் அழுத்தம் பெறும் அசையின் உயிர் சற்று நீண்டும் ஓங்கியும் ஒலிப்பதால் நம் காதுக்கு அது நெடில் போலவே கேட்கும். அதனால் அழுத்தமுள்ள அசையை நெடிலாலும் மற்ற அசைகளைக் குறிலாலும் எழுதுகிறேன். அசைகளுக்கு நடுவே சிறுகோடு இடுகிறேன். ஸ்பானிய எழுத்தில் சில உயிர்களின் தலைமேல் வலப்புறம் சாய்ந்த ஒரு சிறிய கோடு நிற்கும். ஸ்பானியர் அதைத் தீல்-தெ என்பர். இங்கே அதை அழுத்தக்கோடு என்று குறிப்பிடுகிறேன். கோடு உள்ள அசையின் இறுதியில் ´ என்ற குறி இருக்கும். ஆக, ம-த்ரீத் என்ற நகரப் பெயரில் அழுத்தம் ஈற்றசையில் விழுகிறது, எழுத்தில் கோடு இல்லை. க-ஃபே´ என்பதிலும் ஈற்றசைக்கே அழுத்தம், ஆனால் கோடு உண்டு. இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பது பின்னால் விளங்கும்.

ஒலிகளைப் பற்றிச் சில சொற்கள். ச என்று எழுதும் இடத்தில் ‘பச்சை’யின் ச்ச ஒலியைக் கொள்க. ஹ என்பது தொண்டையில் உரசி வரும் ஒலி. ஸ்பானியத்தின் இரட்டித்த, நாக்கு உருளும் ரகரத்தை ற என்ற எழுத்தால் காட்டுகிறேன். பே-ரொ என்றால் ‘ஆனால்’, பே-றொ என்றால் ‘நாய்’. ரகரத்தை இடையினமாகவும் றகரத்தை வல்லினமாகவும் பிரித்த நம் இலக்கணத்துக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.

அசை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. யாப்பிலக்கணம் படித்தவர்க்கு ‘பல’ என்பது ஒரே நிரையசை. ஸ்பானியக் கணக்கில் அது இரண்டு அசை. இங்கே அசை என்பது ஓர் உயிரையோ கூட்டுயிரையோ மையமாகக் கொண்டு ஒரே மூச்சில் ஒலிக்கும் துண்டு மட்டுமே. நேரையும் நிரையையும் சற்று நேரம் மறந்துவிட வேண்டும்.

முதற்படி: உயிர்களைப் பாருங்கள்

ஒரு சொல்லில் எத்தனை உயிர்த்தொகுதிகள் உண்டோ அத்தனை அசைகள். கா-ஸ (வீடு) இரண்டு, க-மீ-ஸ (சட்டை) மூன்று. உயிர்கள் தனித்தனியே நிற்கும்வரை சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் அவை ஒரே அசையா, இரண்டு அசையா என்ற கேள்வி எழுகிறது. கற்பவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுவே என்பதால் இங்கே நிதானமாக நடப்போம்.

அ, எ, ஒ மூன்றும் வலிய உயிர்கள். இ, உ இரண்டும் மெலிய உயிர்கள். ஒரு வலிய உயிரும் ஒரு மெலிய உயிரும் எந்த வரிசையில் சேர்ந்தாலும் கூட்டுயிராகி ஒரே அசைக்குள் அடங்கும். ஆய்-ரெ (காற்று), காவ்-ஸ (காரணம்), த்யே-ற (மண்), ப்வே-னொ (நல்ல) ஆகிய எல்லாமே ஈரசைச் சொற்கள். அகரமும் இகரமும் சேர்ந்து ஐகாரம் ஆகும், அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரம் ஆகும் என்று தொல்காப்பியம் சொல்வதை நினைவில் வைத்தால் முதல் இரண்டு சொற்களும் உடனே புரியும். அடுத்த இரண்டிலும் மெலிய உயிர் முன்னால் வந்து, ய் அல்லது வ் போலச் சுருங்கி, வலிய உயிரோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மெலிய உயிர்கள் சேர்ந்தாலும் ஒரே அசைதான்: ஸ்யு-தாத் (நகரம்), ற்வீ-தொ (இரைச்சல்). மெலிது, வலிது, மெலிது என்று மூன்று உயிர்கள் ஓர் அசைக்குள் அடங்குவதும் உண்டு. உ-ரு-க்வாய், ப-ர-க்வாய் என்ற இரு நாட்டுப் பெயர்களின் ஈற்றசைகள் அப்படிப்பட்டவை.

இரண்டு வலிய உயிர்கள் சேர்ந்தால் ஒன்றாவதில்லை. தெ-ஆ-த்ரொ (நாடக அரங்கு), பொ-ஏ-த (கவிஞர்), மு-ஸே-ஒ (அருங்காட்சியகம்), லெ-ஏர் (படித்தல்) ஆகியவற்றில் ஒவ்வொரு வலிய உயிரும் தனி அசை. தமிழ் நாக்குக்கு இங்கே ஒரு பழக்கம் உண்டு. உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் நாம் உடம்படுமெய்யைப் போட்டுவிடுவோம். தெ-யா-த்ரொ, பொ-வே-த என்று வாயில் வந்துவிடும். அசை எண்ணிக்கை அதனால் கெடாது என்றாலும் ஸ்பானியக் காதுக்கு அங்கே இல்லாத ஒரு மெய் கேட்கும். ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்கு இடைவெளியின்றி, மெய்யின் துணையுமின்றி, வழுக்கிச் செல்லப் பழக வேண்டும்.

இனி, வலியதும் மெலியதும் சேர்ந்தும் பிரிந்து நிற்கும் நிலை. மெலிய உயிரின் தலைமேல் அழுத்தக்கோடு இருந்தால் அது தன் மெலிவை இழந்து தனி அசையாகிவிடும். மா-ர்யொ என்ற ஆண்பெயர் ஈரசை. ம-ரீ´-அ என்ற பெண்பெயர் மூவசை. ஆ-ஸ்ய என்றால் ‘நோக்கி’. அ-ஸீ´-அ என்றால் ‘செய்துகொண்டிருந்தார்’. ப-ஈஸ்´ (நாடு), ற-ஈஸ்´ (வேர்) ஆகியவையும் இப்படியே. ஆனால் கோடு வலிய உயிரின்மேல் இருந்தால் கூட்டுயிர் உடையாது: கன்-ஸ்யோன்´ (பாட்டு), தம்-ப்யேன்´ (கூட) இரண்டும் ஈரசையாகவே நிற்கும். இந்தப் படியில் நினைவில் நிறுத்த வேண்டியது இது ஒன்றே: மெலிய உயிர்மேல் கோடு பிரிக்கும், வலிய உயிர்மேல் கோடு பிரிக்காது.

எழுத்தில் இருந்தும் ஒலிக்காத சிலவற்றையும் அறிந்திருக்க வேண்டும். ஆ-செ என்ற பெயருடைய எழுத்து (ஆங்கிலத்தின் ‘எச்’) ஸ்பானியத்தில் ஊமை. அது நடுவே நின்றாலும் இரு உயிர்களைப் பிரிக்காது. ‘தடை செய்தல்’ என்ற பொருளுடைய ப்ரொய்-பீர் என்ற சொல்லில் ஒகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவே அந்த எழுத்து இருக்கிறது. எழுத்திலக்கணம் அதை ஈரசையாகவே கொள்கிறது. அதேபோல் கே-ஸொ (பாலாடைக்கட்டி), கி-தா-ற (கிட்டார்) ஆகியவற்றின் முதல் அசைகளில் எழுதப்படும் உகரம் ஒலிப்பதில்லை. அந்த உகரத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இருந்தால் மட்டும் அது ஒலிக்கும்: பின்-க்வீ-னொ (பென்குயின்).

இரண்டாம் படி: மெய்களைப் பங்கிடுங்கள்

இரு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின்வரும் உயிரோடு சேரும்: மா-னொ (கை), லீ-ம (பெரு நாட்டின் தலைநகர்). இரண்டு எழுத்துகளால் எழுதி ஓர் ஒலியாக ஒலிக்கும் மூன்று இணைகள் உண்டு. கோ-செ (கார்), கா-யெ (தெரு), பே-றொ (நாய்) ஆகியவற்றின் நடுவில் வருபவை அவை. எழுத்து இரண்டானாலும் ஒலி ஒன்றே என்பதால் அவற்றை ஒருபோதும் பிளக்கக் கூடாது. ‘அப்பா’வை அப்-பா என்று பிரிக்கும் நம் பழக்கம் இங்கே செல்லாது.

இரண்டு மெய்கள் இருந்தால் ஆளுக்கொன்று: கார்-த (கடிதம்), ஈஸ்-ல (தீவு), லெக்-ஸ்யோன்´ (பாடம்). இதற்கு ஒரே பெரிய விலக்கு, பிரிக்க முடியாத பன்னிரண்டு மெய்க்கூட்டுகள். அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இப்படி எண்ணிப் பார்த்தால் போதும். ‘பல்’லின் ப், ‘அம்பு’வின் ப், ‘தலை’யின் த், ‘பந்து’வின் த், ‘கல்’லின் க், ‘பங்கு’வின் க், இவற்றோடு ஃப். இந்த ஏழும் ரகரத்தோடு பிரியாமல் சேரும். லகரத்தோடு தகர ஒலிகள் இரண்டும் நீங்கலாக மற்ற ஐந்தும் சேரும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. எனவே லீ-ப்ரொ (புத்தகம்), பா-த்ரெ (தந்தை), ஓ-த்ரொ (மற்றொன்று), அ-ப்லார் (பேசுதல்). தகரமும் லகரமும் சேரும் கூட்டு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்: தடகள வீரரைக் குறிக்கும் சொல்லை ஸ்பெயினின் பெரும்பகுதியில் அத்-லே-த என்று பிரிப்பார்கள்; மெக்சிகோவில் அ-த்லே-த. இரண்டும் சரியே.

புள்ளி வைத்த மெய்யில் அசை தொடங்குவது தமிழ்க் கண்ணுக்கு அந்நியமானது. ‘பிரபு’, ‘கிராமம்’ என்று நடுவே ஓர் உயிரைச் செருகி எழுதுவது நம் மரபு. அதே பழக்கத்தில் லி-பி-ரொ என்று சொன்னால் ஈரசைச் சொல் மூவசையாகிவிடும். அசை எண்ணிக்கை கெட்டால் பின்னால் வரும் அழுத்தக் கணக்கும் கெடும். உதட்டை மூடித் திறக்கும்போதே நாக்கு ரகரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஸகரம் முன்னால் வரும் கூட்டுகளில் நிலைமை நேர்மாறு. ஸ்பானியத்தில் ஸகரமும் மற்றொரு மெய்யும் ஒரே அசையின் தொடக்கத்தில் சேர்ந்து நிற்பதே இல்லை; அதனால்தான் எஸ்-க்வே-ல (பள்ளி), எஸ்-த-ஸ்யோன்´ (நிலையம்) என்று முன்னால் ஓர் எகரம் வந்து ஸகரத்தைத் தாங்குகிறது. ஊரில் பெரியவர்கள் ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்று சொல்வதும் இதே தேவையால்தான். இந்த ஓரிடத்தில் தமிழ் நாக்கும் ஸ்பானிய நாக்கும் தாமாகவே ஒன்றுபடுகின்றன.

மூன்று மெய்கள் வந்தால் கடைசி இரண்டும் மேற்சொன்ன பன்னிரண்டில் ஒன்றா என்று பாருங்கள். ஆம் எனில் அவற்றின் முன்னால் வெட்டுங்கள்: ஓம்-ப்ரெ (மனிதன்), கொம்-ப்ரார் (வாங்குதல்). இல்லையெனில் முதல் இரண்டு மெய்களும் முன்னசையோடு போகும், மூன்றாவது பின்னசையைத் தொடங்கும்: இன்ஸ்-தி-தூ-தொ, பெர்ஸ்-பெக்-தீ-ப. நான்கு மெய்கள் வந்தால் நேர்பாதி: அப்ஸ்-த்ராக்-தொ, இன்ஸ்-த்ருக்-ஸ்யோன்´. முன்னொட்டுச் சொற்கள் சில விதியை மீறும். அடிக்கோடிடுதலைக் குறிக்கும் ஸுப்-ற-யார் என்ற சொல்லில், பிரியாக் கூட்டு போலத் தெரியும் இரு மெய்களும் பிரிந்தே ஒலிக்கின்றன. அவை மிகச் சிலவே.

மூன்றாம் படி: கோடு இருக்கிறதா?

அசை பிரிந்துவிட்டது. இனி அழுத்தம். சொல்லில் அழுத்தக்கோடு இருந்தால் வேலை முடிந்தது. கோடு எங்கோ, அழுத்தம் அங்கே. மே´-ஹி-கொ, பொ-கொ-தா´, ப-ன-மா´, மெ-தெ-யீன்´. ஒரு சொல்லுக்கு ஒரு கோட்டுக்கு மேல் வராது.

கோடு இல்லையெனில் சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். உயிர், ன், ஸ் ஆகியவற்றில் முடிந்தால் அழுத்தம் ஈற்றயலசையில் விழும்: பர்-ஸெ-லோ-ன, க-ரா-கஸ், ஹோ-பென் (இளைஞர்). வேறு எந்த எழுத்தில் முடிந்தாலும் ஈற்றசையில் விழும்: ம-த்ரீத், எஸ்-ப-ஞோல், மு-ஹேர் (பெண்), றெ-லோஹ் (கடிகாரம்), எ-க்வ-தோர்.

எல்லா மெய்களையும் விட்டு ன், ஸ் இரண்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? பெயர்ச்சொல் பன்மையாகும்போது ஸகரம் சேர்கிறது. வினை ‘அவர்கள்’ என்ற எழுவாயை ஏற்கும்போது னகரம் சேர்கிறது. கா-ஸ, கா-ஸஸ் ஆகும்போதும், ஆ-ப்ல (பேசுகிறார்), ஆ-ப்லன் (பேசுகிறார்கள்) ஆகும்போதும் அழுத்தம் இடம்பெயர்வதில்லை. மொழியில் மிக அதிகமாக வரும் இந்த வடிவங்களுக்குக் கோடு தேவைப்படாதபடி விதி அமைந்திருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் இந்த விதி மறக்காது.

ஓர் எச்சரிக்கை: இங்கே கணக்கில் வருவது எழுத்து, ஒலி அல்ல. லத்தீன் அமெரிக்காவில் ஸேத என்ற எழுத்தும் (ஆங்கிலத்தின் ‘இசட்’) ஸகரமாகவே ஒலிக்கும். ஆனால் அழுத்தக் கணக்கில் அது ‘வேறு எழுத்து’. லா´-பிஸ் (பென்சில்) அந்த எழுத்தில் முடிவதால்தான் அதற்குக் கோடு வேண்டியிருக்கிறது. பே´-ரெஸ், கொன்-ஸா´-லெஸ், ஃபெர்-னான்´-தெஸ் போன்ற குடும்பப் பெயர்கள் எல்லாம் இதே எழுத்தில் முடிந்து ஈற்றயலில் அழுத்தம் பெறுவதால் கோடு தாங்குகின்றன. ஒர்-தீஸ், மு-ஞோஸ் என்பவை அதே எழுத்தில் முடிந்தாலும் ஈற்றில் அழுத்தம் பெறுவதால் கோடின்றி நிற்கின்றன. சொல்லின் ஈற்றில் இகரம் போல ஒலிக்கும் யகர எழுத்தும் இந்தக் கணக்கில் மெய்யே. உ-ரு-க்வாய்க்குக் கோடு இல்லாதது அதனால்தான்.

நான்காம் படி: எழுதும்போது கோடு எங்கே?

படிக்கும்போது கோட்டிலிருந்து அழுத்தத்துக்குப் போனோம்; எழுதும்போது அழுத்தத்திலிருந்து கோட்டுக்கு வர வேண்டும். பொதுவிதி சொல்லும் இடத்தில் அழுத்தம் விழுந்தால் கோடு வேண்டாம். விதியை மீறி விழுந்தால் கோடு கட்டாயம். ஸ்பானிய இலக்கணம் சொற்களை நான்காக வகுக்கிறது. ஈற்றசை அழுத்தச் சொற்கள் உயிர், ன், ஸ் ஆகியவற்றில் முடிந்தால் கோடு பெறும்: பெ-ரூ´, இன்-க்லேஸ்´. ஈற்றயலசை அழுத்தச் சொற்கள் அவை மூன்றிலும் முடியாதபோது கோடு பெறும்: ஆர்´-பொல் (மரம்), அ-ஸூ´-கர் (சர்க்கரை). ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தமுள்ளவையும், அதற்கும் முன்னால் அழுத்தமுள்ளவையும் எப்போதும் கோடு பெறும்: அ-மே´-ரி-க, தீ´-க-மெ-லொ (‘அதை எனக்குச் சொல்லுங்கள்’). பெரிய எழுத்துகளில் எழுதினாலும் கோட்டை விடக் கூடாது.

இந்த விதிகளுக்கு மேற்பட்டு நிற்பது முதற்படியில் பார்த்த மெலிய உயிர்க் கோடு. ற-ஈஸ்´ என்ற சொல் ஸேதவில் முடிகிறது, அழுத்தம் ஈற்றசையில். பொதுவிதிப்படி கோடு தேவையில்லை. ஆயினும் உயிர்கள் பிரிந்து நிற்பதைக் காட்ட அது வந்தே தீர வேண்டும்.

சொல் வளரும்போது கோடு தோன்றுவதும் மறைவதும் புதிதாகக் கற்பவரைக் குழப்பும். கன்-ஸ்யோன்´ பன்மையில் கன்-ஸ்யோ-னெஸ் ஆகிறது. ஹோ-பென் பன்மையில் ஹோ´-பெ-னெஸ் ஆகிறது. இரண்டிலும் அழுத்தம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஓர் அசை கூடியதால், முதற்சொல்லில் அந்த இடம் விதிக்குள் வந்துவிட்டது. இரண்டாவதில் விதியை விட்டு வெளியேறிவிட்டது. அழுத்தமே இடம்மாறும் பன்மைகள் மிக அரிது: க-ராக்´-தெர் (குணம்) க-ரக்-தே-ரெஸ் ஆவதும், றே´-ஹி-மென் (ஆட்சிமுறை) றெ-ஹீ´-மெ-னெஸ் ஆவதும் அவற்றுள் சேரும்.

ஓரசைச் சொற்களுக்குக் கோடு கிடையாது. பிரித்துக் காட்ட வேறு சொல் இருந்தால் மட்டும் விலக்கு. து என்றால் ‘உன்’, தூ´ என்றால் ‘நீ’. ஸி என்பது நிபந்தனைச் சொல், அதாவது ‘அப்படியென்றால்’ என்பதன் ‘என்றால்’. ஸீ´ என்றால் ‘ஆம்’. தெ என்றால் ‘உன்னை’, தே´ என்றால் தேநீர்; நம் ‘தேநீர்’ என்ற சொல்லின் முதற்பகுதியும் இதுவும் ஒரே சீன வேரிலிருந்து வந்தவை. கே´ (என்ன), கோ´-மொ (எப்படி), தோன்´-தெ (எங்கே) போன்ற வினாச்சொற்களும் கேள்விப் பொருளில் வரும்போது கோடு பெறும். ‘திரைக்கதை’ என்று பொருள்படும் க்யோன் என்ற சொல்லைப் பழைய நூல்களில் கோட்டோடு காணலாம். 2010ஆம் ஆண்டின் எழுத்திலக்கணம் அதை ஓரசையாகவே கொண்டு கோட்டை நீக்கியது.

ஒரு நீண்ட சொல்லை முழுதாக

காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்வோம்: ஒதொறினொலரின்கோ´லொகொ. உயிர்களை எண்ணினால் ஒன்பது. அடுத்தடுத்து நிற்கும் உயிர் எங்கும் இல்லை, ஆகவே ஒன்பது அசை. மெய்களில் உருளும் றகரம் பிளவுபடாது. ன், க் இரண்டும் பிரியாக் கூட்டு அல்லாததால் ஆளுக்கொன்றாகப் பிரியும். ஒ-தொ-றி-னொ-ல-ரின்-கோ´-லொ-கொ. கோடு ஏழாம் அசையில், அதாவது ஈற்றிலிருந்து மூன்றாவதில். முதல் ஆறு அசைகளையும் சமமாக, அவசரமின்றி, குறிலாகவே சொல்லி ஏழாவதில் குரலை ஓங்குங்கள். தமிழ் பேசுவோர் இதில் செய்யும் பிழை பெரும்பாலும் முதலசையை ஓங்கிச் சொல்வது.

பழகுவதற்கு மத்ரித் மெட்ரோவின் நிலையப் பெயர்களைவிட நல்ல பயிற்சிநூல் எனக்குத் தெரியாது. 1919இல் அந்த மெட்ரோ முதன்முதலில் ஓடியது ஸோல் நிலையத்துக்கும் க்வா-த்ரொ க-மீ-னொஸ் நிலையத்துக்கும் இடையே. அந்த இரண்டு சொற்களில் கூட்டுயிர், பிரியா மெய்க்கூட்டு, ஸகர ஈறு மூன்றும் அடங்கிவிட்டன. அர்-க்வே-யெஸ் என்பதில் இரு புள்ளி பெற்ற உகரம் ஒலிக்கிறது. ல-ப-ப்யேஸ்´ என்பதில் கோடு வலிய உயிர்மேல் இருப்பதால் கூட்டுயிர் உடையவில்லை. க்ரான் பீ´-அ என்பதில் அது மெலிய உயிர்மேல் இருப்பதால் உயிர்கள் பிரிந்தன. க-யா-ஒ என்பதில் கோடே இல்லை. அகரமும் ஒகரமும் வலியவை என்பதால் தாமாகவே பிரிந்து மூவசையாகின்றன, சொல் உயிரில் முடிவதால் அழுத்தம் நடு அசையில் விழுகிறது. நிலையப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் முதலில் தாளில் அசை பிரித்து, கடைசி எழுத்தை வட்டமிட்டு, அதன் பிறகே வாய்விட்டுப் படியுங்கள்.